ஆதரவுக்கு ஒரு ஆள்

என் மச்சானைச் சாப்பிட உட்காரவைத்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "சரியா இருக்குன்னும் சொல்லலாம், கொஞ்சம் கூடன்னும் சொல்லலாம்" என்பான். தட்டு அவன் முன்னால் இருக்கும், வாயில் சோறும் இருக்கும். ஆனாலும் ஒரு பக்கமாகச் சாய மாட்டான். வருடக்கணக்காகத் தெருத் தெருவாக மைக்கை நீட்டிப் பிழைக்கிறவனுக்கு வரும் தொழில் வியாதி இது. சிலருக்கு முதுகுவலி வருகிறது, இவனுக்கு நடுநிலை வந்துவிட்டது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் அவனை வளர்த்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டபோது, ஒரு பெட்டியும் வாய் ஓயாத இந்தத் தம்பியும் கூடவே வந்தார்கள். பெட்டி எப்போதோ உடைந்துவிட்டது. இவன் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் ஒரு செருப்புக் கடையில் வேலை. வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரை உள்ளே அழைக்க வேண்டும். ஒருநாள் டிவிக்காரர்கள் சிலர் விலைவாசி பற்றிக் கருத்துக் கேட்க அந்தத் தெருவுக்கு வந்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மைக்கைப் பார்த்ததும் ஜனங்கள் கடன்காரனைக் கண்டதுபோல ஒதுங்கிப் போனார்கள். இவன் கடைவாசலில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பொறுக்கவில்லை. இறங்கிப் போய்க் கையைப் பிடித்து ஒவ்வொருவராக அழைத்து வந்து நிறுத்தினான். அடுத்த வாரமே செருப்பை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டான். தெருவில் அவன் பெயரே 'மைக்கு' என்று ஆகிவிட்டது.

தொழிலில் கெட்டிக்காரன், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். எதிரே போய் நிற்க மாட்டான், பக்கத்தில் நிற்பான். மைக் இடுப்புக்குக் கீழே தொங்கும். "எங்க, வேலைக்கா?" என்று ஆரம்பிப்பான். அந்த ஆள் நாலு வார்த்தை பேசி இளகியதும்தான் மைக் மெல்ல மேலே ஏறும். பேசுகிறவருக்கே அது தெரியாது. டிவியில் அவன் முகம் வராது, மைக்கைப் பிடித்திருக்கும் கை மட்டும்தான் தெரியும். என் கடையில் டிவி ஓடும்போது வாடிக்கையாளர்களிடம் அந்தக் கையைக் காட்டி, "அது என் மச்சான் கை" என்று பெருமையடித்துக்கொள்வேன். நான் பழுதான மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவன். எங்கள் குடும்பத்தில் ஊர் பார்த்த உறுப்பு அந்தக் கை ஒன்றுதான்.

நிகழ்ச்சியின் பெயர் 'நாலு பேர் நாலு விதம்'. மாலையில் வரும். அன்றைக்கு ஊரில் எது பேச்சோ அதுதான் கேள்வி. நாலு பேரிடம் கருத்து: இருவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. கடைசியில் கோட்டு போட்ட ஒருவர் வந்து, "முடிவு உங்கள் கையில்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேள்வி எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரு பக்கம் இருந்தாலும் டிவியில் சரிபாதிதான்.

"இது அநியாயம் இல்லையாடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் காட்டினாத்தான் மாமா நியாயம். ஒரு பக்கம் மட்டும் காட்டினா அது பிரச்சாரம்."

"ரெண்டாவது பக்கமே இல்லன்னா?"

"இருக்கும் மாமா. தேடணும். அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

தேடுவதற்கு அவன் சிரமப்படுவதும் இல்லை. கையில் ஆள் தயாராக வைத்திருந்தான். பேருந்து நிலையத்துப் பேப்பர் கடைக்காரர் எதைக் கேட்டாலும் ஆதரிப்பார். டிவியில் வந்தால் சரி, அவருக்குக் கொள்கை எல்லாம் கிடையாது. பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் எதையும் எதிர்ப்பார். ஒருமுறை, காற்று நன்றாக வீசுகிறதே என்று பேச்சுக் கொடுத்ததற்கு, தேவையில்லாத காற்று என்று சொன்னாராம். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பிறகு என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது.

அந்தக் கதையை விரிக்க எனக்கு மனமில்லை. சுருக்கமாகச் சொன்னால், வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசியைக் குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி உள்ளே அனுப்புவார்கள். அரை நாள் போய்விடும். முடிந்து எழுந்தால் கால் துவளும், தலை சுற்றும். எங்கள் நல்ல காலம், பொது ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. மெல்ல நடந்து வந்து படுத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் காலையில் மூடிய கடையை நான் மதியம் திறந்துவிடுவேன்.

அங்கே வருகிறவர்கள் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டார்கள். பக்கத்துப் படுக்கையில் ஒரு தையல்கார அம்மா. என் மனைவிக்குப் பத்து வயது மூத்தவர், வாய் துடுக்கு. ஊசி குத்தும் நேரத்தில் நர்சையே கிண்டல் செய்து சிரிக்கவைப்பார். என் மனைவிக்கு ஊசி என்றால் பயம். தையல்கார அம்மா அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டுவார், இவள் பிடித்துக்கொள்வாள். "நான் நாள் பூரா ஊசியோட இருக்கறவ. ஊசிக்குப் பயப்படாதே, நூலுக்குப் பயப்படு. அதுதான் பாதியில அறுந்துடும்" என்பாராம். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த நிலையில்தான், அந்த டயாலிசிஸ் பிரிவை ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போவதாக நகரசபை அறிவித்தது. இங்கே காலியாகும் தளத்தைத் தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். புது இடத்துக்குப் பேருந்து கிடையாது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தலை சுற்றுகிறவர்களை வைத்துக்கொண்டு இப்படி ஒரு யோசனை எந்த மண்டையில் உதித்ததோ தெரியவில்லை.

ஊர் கொதித்தது. மருந்துக் கடை, சலூன், பள்ளிக்கூட வாசல் என்று எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். என் கடையிலும் ஒரு தாள் இருந்தது. மோட்டார் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் போட்டுவிட்டுப் போனார்கள். அடிக்கடி வரும் பம்ப்செட் வியாபாரி ஒருவர், தான் போட்டது போதாதென்று, மனைவியையும் அழைத்து வந்து போடவைத்தார். நகரசபையும் கொஞ்சம் ஆடித்தான் போனது. மக்கள் கருத்தைக் கேட்டு முடிவு செய்வோம் என்று ஒரு குழு போட்டது.

அன்றைக்கு 'நாலு பேர் நாலு விதம்' நிகழ்ச்சிக்கும் அதுதான் கேள்வி.

எதிர்ப்புக்கு ஆள் பிடிக்க மச்சானுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மைக்கைத் தூக்கியதுமே அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். ஆதரவுக்குத்தான் திண்டாட்டம். வெளியூரிலிருந்து யாரையோ பார்க்க வந்த ஒருவர், விஷயம் தெரியாமல், "புதுக் கட்டடம்னா நல்லதுதானே" என்றார். அவரைப் பிடித்துக்கொண்டான். இன்னும் ஒருவர் வேண்டும். பேப்பர் கடைக்காரரிடம் ஓடினான். அவரே கையை உதறிவிட்டார். "என் சித்தப்பா அங்கதான்பா படுத்திருக்கார். இதுல என்னை இழுக்காதே." எதற்கும் ஆதரவு சொல்கிற மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக மறுத்தது அன்றைக்குத்தான். அதையே செய்தியாகப் போட்டிருக்கலாம். இவனுக்கு எங்கே அது உறைத்தது.

வெயிலில் அலைந்து களைத்து, கேமராக்காரரையும் கூட்டிக்கொண்டு மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நான் கடையில் இருந்தேன். இனிச் சொல்வது என் மனைவி பிறகு என்னிடம் சொன்னது.

சாப்பிடும்போதே நிகழ்ச்சித் தயாரிப்பாளர் போனில் வந்தார். மேடம் என்றுதான் இவன் சொல்வான். "ரெண்டுக்கு ரெண்டு இல்லாம ஓட்ட முடியாது. ஒரு பக்கமாப் போட்டா நாம போராட்டக்காரங்கன்னு முத்திரை குத்திடுவாங்க. நாலு மணிக்குள்ள ஆளைப் பிடி" என்றாராம். இவனுடைய வேலை ஒப்பந்த வேலை. அந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். போனை வைத்துவிட்டுத் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தானாம்.

அக்காவுக்குப் பொறுக்குமா? வளர்த்தவள்.

"நான் சொல்றேன்டா" என்றிருக்கிறாள்.

"நீயா? நீ அங்கதானேக்கா போறே."

"அதனால என்ன? ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு. நான் ஒருத்தி சொல்லித்தான் மாத்திடப் போறாங்களா? உன் வேலை போச்சுன்னா மறுபடி செருப்புக் கடை வாசல்லயா நிப்பே?"

அவன் ஒரு வார்த்தை மறுத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்தானாம். யோசித்துவிட்டு மைக்கை எடுத்தானாம்.

இது எதுவும் தெரியாமல் மாலையில் கடையில் வேலையாக இருந்தேன். பம்ப்செட் வியாபாரியும் இன்னும் ஓரிருவரும் மோட்டாருக்காகக் காத்திருந்தார்கள். டிவியில் நிகழ்ச்சி ஓடியது. இரண்டு எதிர்ப்பு வந்து போனது, நாங்கள் தலையாட்டினோம். வெளியூர்க்காரர் வந்தார், அவரைத் திட்டினோம். நாலாவதாக என் மனைவி வந்தாள்.

எங்கள் வீட்டு ஜன்னல், எங்கள் வீட்டுத் திரைச்சீலை. "மாத்தறது நல்லதுதான். புது இடம்னா சுத்தமா இருக்கும், காத்தோட்டமா இருக்கும். கொஞ்சம் தூரம்தான், போனா என்ன" என்றாள். கேமராக்காரர் தொழில் தெரிந்தவர். அவள் பேசும்போதே, முந்தைய நாள் ஊசி போட்ட கையின் கட்டை நெருக்கத்தில் காட்டிவிட்டார். கீழே எழுத்து ஓடியது: 'அங்கேயே சிகிச்சை பெறும் பெண்மணி'. ஓரத்தில் என் மச்சானின் கை.

எனக்குத் தலையில் கல் விழுந்தது போல இருந்தது. பம்ப்செட் வியாபாரிக்கு என் மனைவியை அடையாளம் தெரியாது. அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "நாம அவசரப்பட்டுட்டோமோ? அங்க போறவங்களே வேணும்னு சொல்றாங்களே. எதுக்கும் ரெண்டு பக்கம் இருக்குல்ல" என்றார்.

சில நாள் முன்னால் பெண்டாட்டியை அழைத்து வந்து கையெழுத்துப் போடவைத்த மனிதர்! யாரும் அவரை மிரட்டவில்லை, விலை கொடுத்து வாங்கவில்லை. பொய் என்று சொல்லத்தக்க ஒரு செய்தியைக்கூட யாரும் அவர் காதில் போடவில்லை. இல்லாத ஒரு பக்கத்தைச் சரிபாதி அளவுக்கு வரைந்து காட்டினார்கள், அவ்வளவுதான். நல்ல மனிதர், நியாயஸ்தர், அதனாலேயே போய் நடுவில் நின்றுகொண்டார். ஊரில் நல்ல மனிதர்கள் எல்லாரும் இப்படி நடுவில் போய் நின்றுவிட்டால் ஓரத்தில் கிடக்கிறவர்களை யார் தூக்குவது? எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை.

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியே" என்றேன். அவள் சாதாரணமாக, "நாலுல ஒருத்திங்க. நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது" என்றாள். தம்பி சொல்லிக்கொடுத்த பாடம்.

மறுநாளே மற்ற மூன்று பேர் காணாமல் போனார்கள். யாரோ அவள் பேசியதை மட்டும் வெட்டி எடுத்துப் போனுக்குப் போன் அனுப்பிவிட்டார்கள். 'நோயாளிகளே வரவேற்கிறார்கள், எதிர்ப்பவர்கள் யார்?' என்று மேலே ஒரு வரி. அது என் போனுக்கும் வந்தது. அனுப்பியவர் என் சொந்தப் பெரியப்பா மகன். 'பார்த்தீர்களா' என்று வேறு கேட்டிருந்தார். பார்த்தேன், அண்ணே. தினமும் பார்க்கிற முகம்தான் அது.

அடுத்த டயாலிசிஸ் நாளில் நானும் கூடப் போயிருந்தேன். ஊசி குத்தும் நேரத்தில் வழக்கம்போல என் மனைவி பக்கத்துப் படுக்கைக்குக் கையை நீட்டினாள். தையல்கார அம்மா, "டிவி பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீட்டிய கையை இவள் மடக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றைக்கு அந்த அறையில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

அதைக் கேட்டபோதுதான் மச்சானுக்குச் சுருக்கென்றது. மேடத்திடம் போய் நின்றான். நடந்ததை அவனே என்னிடம் சொன்னான்.

"மேடம், அது என் அக்கா. எனக்காகத்தான் சொன்னாங்க. அவங்க கருத்தே அது இல்ல. ஒரு மறுப்பு போட்டுடலாம்."

"நீ எழுதிக் கொடுத்துப் படிச்சாங்களா?"

"இல்ல மேடம்."

"மிரட்டினியா?"

"இல்ல."

"அப்புறம் என்னப்பா? சொந்த வாயால சொன்ன கருத்துதானே. மறுப்பு போட்டா, நாம ஆளை செட் பண்ணினோம்னு ஆயிடும். வேணும்னா இன்னொரு நாள் அவங்களை எதிர்ப்பாப் பேசச் சொல்லு, போடறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு இதையும் சேர்த்துச் சொன்னாராம்: "ஆனா அதுக்கு ஈடா ஆதரவுக்கும் ஒருத்தரைப் பிடிச்சுட்டு வந்துடு."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தவறைத் திருத்தவும் அங்கே அந்தத் தவறையே இன்னொரு முறை செய்தாக வேண்டும். மேடத்தை நான் பார்த்ததில்லை. கெட்டவர் என்று மச்சான் ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓட்டமாக ஓடி வருவாராம், எல்லாருக்கும் டீ சொல்வாராம். அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு வில்லனாவது கிடைத்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் தூங்கலாம்.

மேடத்தை நம்பிப் பயனில்லை என்று ஆனதும், குழுவின் முன்னால் நானே பேசிவிடுகிறேன் என்றாள் என் மனைவி. கருத்துக் கேட்புக் கூட்டம் நகரசபை மண்டபத்தில் நடந்தது. உட்கார இடமில்லை. தையல்கார அம்மாவும் மற்ற நோயாளிகளும் முன்வரிசையில் இருந்தார்கள். நாங்கள் பின்னால் சுவரோரம் நின்றோம். வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றதும் மண்டபம் முழுக்கக் கை எழுந்தது. நானும் தூக்கினேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

குழுத் தலைவர் மென்மையான மனிதர். கைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்க உணர்வைப் புரிஞ்சுக்கறேன். ஆனா எதிர்க்கறவங்கதான் கூட்டத்துக்கு வருவாங்க. ஆதரிக்கறவங்க வீட்ல இருப்பாங்க. அவங்க குரலையும் நாங்க கேக்கணும்ல? அதுதானே ஜனநாயகம். இந்தப் பிரிவுலயே சிகிச்சை எடுக்கற ஒரு அம்மா டிவியில தைரியமா வந்து சொன்னாங்களே" என்றார்.

என் மனைவி சுவரை விட்டு நகர்ந்து முன்னால் போனாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"அந்த அம்மா நான்தாங்க. எனக்கு இடம் மாத்தறதுல விருப்பம் இல்ல. தம்பிக்கு ஆள் கிடைக்கலன்னு சும்மா சொன்னேன். முடிச்சுட்டு எழுந்தா என்னால நிக்கவே முடியாதுங்க. அவ்வளவு தூரம் எப்படிங்க போயிட்டு வருவேன்?"

தலைவர் அவளைக் கனிவாகப் பார்த்தார். "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்றார். அவள் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவள் என்பது அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு மற்றவர்களைப் பார்த்து, "பாருங்க, போன வாரம் ஒண்ணு, இந்த வாரம் ஒண்ணு. அவங்களைச் சுத்தி எவ்வளவு அழுத்தம் இருந்தா இப்படி மாத்திச் சொல்லுவாங்க. யாரும் யாரையும் இப்படி வற்புறுத்தக் கூடாது" என்றார். சொல்லும்போது முன்வரிசையைத்தான் பார்த்தார்.

தையல்கார அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

அவள் பொய் சொன்னபோது ஊர் நம்பியது. உண்மை சொன்னபோது யாரோ சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் மெல்லத்தான் நடந்தாள். எனக்கும் திட்டத் தோன்றவில்லை.

கருத்துகள் இருவேறாக இருப்பதால் நகரின் நீண்டகால நலனைக் கருதி முடிவெடுத்ததாக அறிவித்தார்கள். பிரிவை மாற்றிவிட்டார்கள். மச்சானுக்கு ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். அந்த நிகழ்ச்சியை ரொம்பப் பேர் பார்த்தார்களாம்.

மற்ற நோயாளிகள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் வண்டியில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனேன். திரும்பும்போது அவள் தலை என் முதுகில் சாய்ந்து சாய்ந்து வழுக்கும். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டுவேன். ஒருநாள் லாரி ஒன்று ஒட்டி உரசிப் போனது. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அதற்கடுத்த முறை அவள் கிளம்பவில்லை.

"இன்னிக்கு வேண்டாங்க. உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்கு அடுத்த முறையும் அதையேதான் சொன்னாள். கால் வீங்கியிருந்தது, முகம் ஊதியிருந்தது. ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். "அங்க போய் அவங்க பக்கத்துல படுக்கணும்ல" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தூரம் பாதிதான். அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்தான் மீதி.

மச்சானைப் போனில் அழைத்தேன். "உங்க அக்கா சாகப் போறாடா. வந்து ரெண்டு பக்கமும் கேட்டுட்டுப் போ" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான்.

உடனே ஓடி வந்தான். வேன் கிளம்பும் நேரம். இருவரும் அது நிற்கும் முனைக்குப் போனோம். உள்ளே எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் தையல்கார அம்மா, பக்கத்து இருக்கையில் அவருடைய துணிப்பை. மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆயிரம் பேரைப் பேசவைத்தவன் அன்றைக்குத் தானே பேச வேண்டியிருந்தது.

"அக்கா மேல தப்பு இல்லைங்க. எனக்கு ஆள் கிடைக்கல. நான்தான் அவங்களைச் சொல்ல வச்சேன். அவங்களுக்கு இந்த மாத்தறது பிடிக்கவே இல்ல. நீங்க அவங்களை..." அதற்கு மேல் வரவில்லை.

தையல்கார அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"பொய்யை ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டு, உண்மையை எங்க காதுல வந்து சொல்றியாப்பா?"

அவன் கதவிலிருந்து கையை எடுத்தான்.

"டிவியில சொல்லு. அதே நேரத்துல, அவ மூஞ்சியைக் காட்டின மாதிரி உன் மூஞ்சியைக் காட்டிச் சொல்லு."

"போட மாட்டாங்கம்மா" என்றான். முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"தெரியுதுல்ல. அப்ப எங்க கிட்ட என்னத்துக்கு வந்தே? நாங்க எந்தப் பக்கம்?"

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நான் குறுக்கே புகுந்தேன். "அம்மா, அவ போன தடவையும் போகல. இன்னிக்கும் வரலன்னு படுத்திருக்கா. கால் எல்லாம் வீங்கிடுச்சு" என்றேன்.

வேனுக்குள் இருந்த எல்லாருடைய முகமும் மாறியது. உடம்பில் நீர் ஏறினால் என்ன ஆகும் என்று வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னாலிருந்து ஒருவர், "ரெண்டு தடவையா விட்டுட்டா?" என்றார். தையல்கார அம்மா பக்கத்து இருக்கையிலிருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டிரைவர் தம்பி, அவங்க தெரு வழியாப் போங்க" என்றார்.

நாங்கள் இருவரும் படியில் தொற்றிக்கொள்ள, வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. என் மனைவி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். திரும்பி வீட்டுக்குள் போகப் பார்த்தவளை நான் விடவில்லை. தையல்கார அம்மா கையை நீட்டினார். பிடித்து ஏற்றிவிட்டு, அவள் உட்கார்ந்ததும் கையை எடுத்துக்கொண்டார். கதவு மூடியது. மச்சான் தெருவில் நின்று வேன் திரும்பும்வரை பார்த்தான். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைய கேள்விக்கு ஆள் பிடிக்க வேண்டுமே.

இப்போது அவள் ஒரு தடவைகூட விடுவதில்லை. வீக்கம் வடிந்துவிட்டது. சரியான நேரத்துக்கு வேன் வந்து நிற்கிறது, அவளுக்கான இருக்கை காலியாக இருக்கிறது, ஏறும்போது கை கொடுக்கிறார்கள். பேச ஆரம்பித்துவிட்டார்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லைங்க" என்றாள். "தெரு முனை வரைக்கும் சத்தமாப் பேசிக்கிட்டுத்தான் வர்றாங்க, எனக்குக் கேக்குது. நான் ஏறினதும் டிரைவர்கிட்ட ரேடியோவைப் போடச் சொல்லிடறாங்க."